ஆத்தாவோட வெண்கலப் பானையும் ஒரு கண்ணாடித் தட்டும்

எங்க வீட்டு ஷோகேஸ்ல மேல இருந்து ரெண்டாவது தட்டுல இருந்த சாமானோட மொத்த எடை 14 கிலோ 200 கிராம். இத நான் எடை போட்டுப் பார்த்தது அந்தத் தட்டு உடைஞ்சு விழுந்ததுக்கு மறுநாள். ஷோகேஸ் வாங்கி ஏழு மாசம் ஆயிருந்துச்சு, அந்த ஏழு மாசத்துல ஒரு நாள் கூட அது மேல எத்தன கிலோ இருக்குன்னு எனக்குத் தோணவே இல்ல. பார்க்க அழகா இருக்கா, லைட் சரியா விழுதா, ஆத்தா, அதாவது எங்க அம்மா, உக்காந்திருக்கற நாற்காலியில இருந்து பானை தெரியுதா, இத மட்டும்தான் பார்த்தேன்.

பள்ளத்தூர் வீட்டுல எங்க புள்ளிக்கு, அதாவது எங்க குடும்பப் பங்குக்கு, வந்த சாமான் அதெல்லாம். ஆத்தா கல்யாணத்துக்கு அவுக வீட்டுல குடுத்த சீர் கொஞ்சம், அப்பத்தா காலத்துல இருந்து வந்தது கொஞ்சம். எங்க செட்டிநாட்டுப் பக்கத்துக் கல்யாணம் பார்த்தவங்களுக்குத் தெரியும், சாமான் பரப்பறதுன்னு ஒண்ணு உண்டு, வெள்ளி, பித்தளை, வெண்கலம், எவர்சில்வர், எனாமல், மரச்சாமான்னு வரிசையா தரையில பரப்பி வெச்சிருப்பாக. வீடு நிறைய சொந்தக்காரங்க நடந்து நடந்து பார்ப்பாக. ஒவ்வொரு பாத்திரத்துலயும் விலாசம் வெட்டியிருக்கும், அதாவது ஐயா (தாத்தா) பேரு, அப்பச்சி (அப்பா) பேரு இதோட முதலெழுத்துகள். அந்த எழுத்தப் பார்த்தாலே இது எந்த வீட்டுச் சாமான்னு சொல்லிடலாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைகளுக்குள்ள நடந்தா மனசு கனத்துப் போறதுக்குக் காரணமே அதுதான். அங்க அடுக்கி இருக்கற செம்புலயும் தூக்குலயும் யார் யாரோட விலாசமோ இருக்கும், வாங்கிட்டுப் போறவங்களுக்கு அது ஒரு டிசைன். எங்க பங்குக்கு வந்தது அப்படிப் போகக்கூடாதுன்னு நான் பிடிவாதமா இருந்தேன். பரண்ல மூட்டை கட்டி வெக்கவும் கூடாது. கண்ணு முன்னாடி இருக்கணும். அதுக்குத்தான் காரைக்குடியில இந்தச் சின்ன வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா ஷோகேஸ் வாங்கினது.

ரெடிமேட் ஷோகேஸ். 90 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழம், மரத்தூள் பலகையில செஞ்ச பெட்டி, நாலு கண்ணாடித் தட்டு, எல்லாம் 5 எம்எம். ஒவ்வொரு தட்டும் நாலு பிளாஸ்டிக் பின் மேல உக்காந்திருக்கும். கடையில “எவ்வளவு வெயிட் வேணாலும் தாங்கும்”னு சொன்னாங்க, நானும் கேட்டுக்கிட்டேன்.

கார்த்திகை மாசம், ராத்திரி ரெண்டு மணி இருக்கும். பெரிய சத்தம்லாம் முதல்ல வரல, சுள்ளி ஒடியற மாதிரி ஒரு சின்ன சத்தம், அதுக்கப்புறம்தான் எல்லாம் சேர்ந்து கொட்டுச்சு. ரெண்டாவது தட்டு உடைஞ்சு மூணாவது மேல விழுந்து, அதையும் உடைச்சுக்கிட்டு கீழ போய், வெண்கலப் பானை கதவுக் கண்ணாடிய இடிச்சுத் தள்ளிட்டு வெளிய உருண்டு வந்து கிடந்துச்சு. பானைக்கு ஒண்ணும் ஆகல. பித்தளைச் செம்பு ஒண்ணு நசுங்கிருச்சு. ஆத்தாவோட ஊறுகாய் ஜாடி, பழுப்பும் வெள்ளையுமா இருக்குமே அந்த ஜாடி, அது துண்டு துண்டாப் போயிருச்சு. மூணாவது தட்டுல இருந்த எனாமல் டிபன் கேரியர்ல ரெண்டு இடத்துல எனாமல் தெறிச்சுப் போய் உள்ள இருக்கற இரும்பு கறுப்பாத் தெரிஞ்சுச்சு. (எனாமலும் கண்ணாடிதான், கண்ணாடிப் பொடிய இரும்பு மேல தூவி உருக்கி ஒட்ட வெக்கறது, அதனாலதான் அடிபட்டா சில்லு சில்லா தெறிக்குது, தெறிச்ச இடத்துல துரு ஏறுது. ஸ்வீடன்ல இருந்து கப்பல்ல வந்த சாமான், இங்க வந்து இப்படி.) ஆத்தா எந்திரிச்சு வந்து பார்த்தாக. ஒண்ணும் சொல்லல. “கால்ல குத்திறப் போவுது, செருப்பப் போட்டுக்கிட்டு வா”ன்னு மட்டும் சொன்னாக.

விடிஞ்சதும் எனக்கு ஒரே கேள்வி. ஏழு மாசம் தாங்குன தட்டு, அன்னிக்கு யாரும் தொடாம, எதுவும் புதுசா வெக்காம, ஏன் உடையணும்? பூனை கூட கிடையாது எங்க வீட்டுல.

இதுக்குப் பதில் தேடித்தான் ரெண்டு மூணு வாரம் ஓடுச்சு, சிவில் இன்ஜினியரிங் படிச்ச என் அண்ணன் மகன் கணக்கு போட்டுக் குடுத்தான், கண்ணாடிக் கடையில போய் உக்காந்து கேட்டேன், ஆசாரி அண்ணன்கிட்ட பேசினேன். எனக்குப் புரிஞ்சத எல்லாம் இங்க எழுதி வெக்கறேன், ஏன்னா இந்த ஊர்ல எத்தனையோ வீட்டுல இதே மாதிரி ஷோகேஸ்ல இதே மாதிரி பித்தளையும் வெண்கலமும் இருக்கு.

முதல்ல அந்தக் கேள்வி. கண்ணாடி இரும்பு மாதிரி இல்ல. பாரத்த வெச்சு அப்படியே விட்டுட்டா, நாள் ஆக ஆக அதோட தாங்குற சக்தி குறையும். கண்ணாடியோட ஓரத்துலயும் அடிப்பக்கத்துலயும் கண்ணுக்குத் தெரியாத கீறல் நிறைய இருக்கும், வெட்டும்போது வந்தது, தூக்கி வெக்கும்போது வந்தது. தட்டு நடுவுல தொங்கும்போது மேல் பக்கம் நெருக்கப்படுது, அடிப்பக்கம் இழுபடுது. அந்த இழுப்புல, காத்துல இருக்கற ஈரமும் சேர்ந்து, கீறல் கொஞ்சம் கொஞ்சமா உள்ள ஓடிக்கிட்டே இருக்கும். ஒரு அளவத் தாண்டினதும் ஒரு நொடியில பிளந்துரும். அதனால நேத்து வரைக்கும் தாங்குச்சேங்கறது கண்ணாடி விஷயத்துல ஒரு சாட்சியே கிடையாது. நான் உடைஞ்ச துண்டுகள ஒரு பழைய கோரைப் பாய்ல வெச்சு சேர்த்துப் பார்த்தேன், விரிசல் எல்லாம் முன் ஓரத்துல ஒரே இடத்துல இருந்து விசிறி மாதிரி கிளம்பியிருந்துச்சு. அந்த இடத்துல அடிப்பக்கம் ஒரு அரிசிக் குருணை அளவுக்குச் சில்லு பேந்திருந்துச்சு. ஓரம் பாலிஷ் பண்ணாத கண்ணாடி. அந்த ஏழு மாசத்துல எப்பவோ ஒருநாள் டியூப்லைட்டோட பிம்பம் அந்தத் தட்டுல நேரா விழாம வளைஞ்சு தெரிஞ்சது எனக்கு ஞாபகம் இருக்கு, கண்ணாடின்னா அப்படித்தான் தெரியும்னு நெனச்சேன். தட்டு தொங்கிக்கிட்டு இருந்திருக்கு. அண்ணன் மகன் கணக்குப்படி நடுவுல 8 மில்லிமீட்டருக்கு மேல.

எடை போட்ட கதையச் சொல்றேன். சின்னச் சாமான்கள சமையக்கட்டு தராசுல வெச்சேன், பெருச கையில தூக்கிக்கிட்டு நான் எடை பார்க்குற மெஷின்ல ஏறி நின்னு, அப்புறம் வெறும் ஆளா ஏறி, கழிச்சுக்கிட்டேன். வெண்கலப் பானை 4 கிலோ 800. ஒரு அடி உயரக் குத்துவிளக்கு ஜோடி 3 கிலோ 200. செம்பு ரெண்டு 1 கிலோ 800. ஜாடிய உடைஞ்ச துண்டாவே சேர்த்து எடை போட்டேன், 1 கிலோ 950. அப்புறம் எங்க ஐயா கடையில இருந்த இரும்பு எடைக்கல் மூணு, ஒரு வீசை, அரை வீசை, கால் வீசை, மூணும் சேர்த்து ரெண்டரைக் கிலோவுக்கு அம்பது கிராம் கம்மி. 1956-ல மெட்ரிக் சட்டம் வந்து கிலோவுக்கு மாறினப்புறம் இதெல்லாம் கடையில இருந்து வீட்டுக்கு வந்துருச்சு. நாப்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்குன்னு அப்பச்சி வாய்ப்பாடு மாதிரி சொல்லுவாக. கைக்கு அடக்கமா இருக்கும், ஆனா கனம் அவ்வளவு. பித்தளை தண்ணியவிட எட்டரை மடங்கு கனம், அத நாம பார்வையில மதிப்பிடவே முடியாது. ஒரு தட்டுல என்ன வெக்கப்போறோமோ அத்தனையும் முதல்ல எடை போடுங்க, இத நான் கெஞ்சிக் கேட்டுக்கறேன், கால் மணி நேர வேலை.

இன்னொரு விஷயம் எங்க வெக்கறோம்ங்கறது. பானை அழகா இருக்கணும்னு நட்ட நடுவுல வெச்சிருந்தேன். ஒரே எடைய தட்டு முழுக்கப் பரவலா வெக்கறதுக்கும் நடுவுல ஒரே இடத்துல வெக்கறதுக்கும் கண்ணாடி மேல வர்ற அழுத்தம் ரெண்டு மடங்கு வித்தியாசம். பானைய ஓரத்துக்கு, பிளாஸ்டிக் பின்னுக்குப் பக்கத்துல தள்ளி வெச்சிருந்தா கூட அந்தத் தட்டு இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருக்கும்.

சரி, இனி என்ன பண்றது. எல்லாரும் சொன்ன முதல் யோசனை தடிமனான கண்ணாடி போடுங்கறது. அது உண்மைதான், தடிமன் ரெண்டு மடங்கானா தொங்கல் எட்டுல ஒரு பங்காகும். என் 90 சென்டிமீட்டர் தட்ட 5-க்குப் பதிலா 10 எம்எம்ல போட்டா அதே சாமானுக்கு 8 மில்லி தொங்கினது ஒரு மில்லி சொச்சத்துக்கு வந்துரும். ஆனா கண்ணாடியே கனக்கும். ஒரு சதுர மீட்டருக்கு ஒவ்வொரு எம்எம் தடிமனுக்கும் ரெண்டரைக் கிலோ, அப்படின்னா அந்த ஒரு 10 எம்எம் தட்டு மட்டும் ஆறே முக்கால் கிலோ. நாலு தட்டுக்கு 27 கிலோ. அந்த மரத்தூள் பெட்டியும் பிளாஸ்டிக் பின்னும் இத எப்படித் தாங்கும்?

அடுத்தது டஃபண்ட். கண்ணாடிக் கடைத் தம்பி “அக்கா, டஃபண்ட் போட்டுருங்க, அஞ்சு மடங்கு ஸ்ட்ராங்”னு சொன்னான். அவன் சொன்னது பொய் இல்ல, சாதாரணக் கண்ணாடிய 600 டிகிரிக்கு மேல சூடாக்கி சட்டுனு காத்தடிச்சு ஆற வெக்கறதுல அதோட பலம் நாலு அஞ்சு மடங்கு கூடுது, உடைஞ்சாலும் கத்தி மாதிரி துண்டா வராம கல்கண்டு மாதிரி உதிருது. ஆனா ஒரு விஷயத்த அவன் சொல்லல, கேட்டப்புறமும் அவனுக்குத் தெரியல. டஃபண்ட் ஆக்கறதால தொங்கல் குறையாது. வளையறது கண்ணாடியோட இயல்பு, அது சூடாக்கினாலும் மாறாது. அதே 5 எம்எம்ல டஃபண்ட் போட்டா அதே 8 மில்லி தொங்கும், உடையாது, ஆனா தொங்கும், அந்தத் தொங்கல்ல சாமானெல்லாம் நடுவுல சரிஞ்சு வரும், பின் மேல இருந்து தட்டு நழுவும். அப்புறம் டஃபண்ட வெட்டவோ ஓட்டை போடவோ முடியாது, அளவு, ஓரம் பாலிஷ், ஓட்டை எல்லாம் சூடாக்க அனுப்பறதுக்கு முன்னாடியே முடிச்சிரணும். அளவு எடுக்கறதுல அவசரப்பட்டா அவ்வளவும் வேஸ்ட்.

லேமினேட்டட் நல்லது, ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் ஷீட், ஒண்ணு உடைஞ்சாலும் மொத்தமா கொட்டாது. சின்னப் பிள்ளைகள் இருக்கற வீட்டுல நான் அதைத்தான் சொல்லுவேன். ஆனா 5-ம் 5-ம் சேர்ந்தா 10 ஆச்சுன்னு கணக்கு போடக்கூடாது, மாசக் கணக்குல பாரம் நின்னா நடுவுல இருக்கற ஷீட் இளகிக் குடுத்துரும், கடைசியில அது தனித்தனி ரெண்டு 5 எம்எம் மாதிரிதான் வளையும், அதாவது முழு 10 எம்எம்மோட விறைப்புல கால் பங்கு. அக்ரிலிக் பத்தி பேசவே வேண்டாம். உடையாதுன்னு சொல்லிக் குடுப்பாங்க, கண்ணாடியோட விறைப்புல இருபதுல ஒரு பங்கு கூட தேறாது, பித்தளைய வெச்சா தொட்டில் மாதிரி ஆயிரும்.

எனக்கு விஷயம் நிஜமாப் புரிஞ்சது ஆத்தங்குடியிலதான். வீட்டுத் தரையில ரெண்டு கல் மாத்த வேண்டி இருந்துச்சு, அதுக்குப் போயிருந்தேன். ஆத்தங்குடிக் கல் எப்படிச் செய்யறாங்கன்னு பார்த்திருக்கீங்களா? ஒரு கண்ணாடிப் பலகை, அது மேல இரும்பு அச்சு, அச்சுக்குள்ள கலர் சிமெண்ட ஊத்தி, அது மேல மணலும் சிமெண்டும் போட்டு கரணையால தட்டித் தட்டி நிரப்புறாங்க. அந்த வழவழப்பு அந்தக் கண்ணாடியில இருந்து வர்றதுதான், மேல பாலிஷே போடறதில்ல. நான் அத்தன வருஷம் பார்த்திருக்கேன், ஆனா அன்னிக்குத்தான் உறைச்சுச்சு, மெல்லிசு கண்ணாடி, அது மேல ஈர சிமெண்டு, அச்சு, கையோட அடி, இத்தனையும் விழுந்தும் அது ஏன் உடையல? கீழ முழுசா மேஜை இருக்கு. கண்ணாடிக்கு வளையறதுக்கு இடமே இல்ல. அங்க உக்காந்தே நான் முடிவு பண்ணிட்டேன், கண்ணாடிய மாத்தறது ரெண்டாவது வேலை, அதுக்குக் கீழ என்ன இருக்குங்கறதுதான் முதல் வேலை.

எங்க ஆசாரி அண்ணன் வந்து ஷோகேஸ் பக்கவாட்டுல விரல் முட்டியால ரெண்டு தட்டு தட்டினாரு. பின் சொருகியிருந்த ஓட்டைய நகத்தால சுரண்டிக் காட்டினாரு, தூளா வந்துச்சு. “ஆச்சி, இது மாவு. மழைக்காலத்துல ஊதும், வெயில் காலத்துல உதிரும். இதுல பித்தளை ஆணி அடிச்சாலும் நிக்காது.” நான் புதுசா ஒரு பெட்டி செஞ்சிரலாமான்னு கேட்டேன். அவரு கொஞ்ச நேரம் பார்த்துட்டு, “பள்ளத்தூர் வீட்டுக் கதவுப் பலகை ரெண்டு பின்னால சாத்தி வெச்சிருக்கீகளே, அது என்னத்துக்கு?”ன்னாரு. எங்க பங்குல வந்த பர்மாத் தேக்கு. பூச்சி அரிக்காம, ஒரு வளைசல் இல்லாம, அப்படியே இருந்துச்சு. மனசு கேக்கல அத அறுக்க, ஆத்தாகிட்ட கேட்டேன். “கதவாத்தான் இருக்கணும்னு இருக்கா, சாமானத் தாங்கட்டும்”னு சொல்லிட்டாக.

அவரு செஞ்சது இதுதான். பழைய பெட்டிக்குள்ளயே தேக்குல தனியா ஒரு கூடு. ரெண்டு பக்கமும் நெட்டுக்கு ஒரு பலகை, நடுவுல அதே மாதிரி ஒரு பலகை, முன்னால இருந்து பின்னால வரைக்கும். மூணும் அடியில ஒரு கனத்த பலகை மேல நிக்குது, அந்தப் பலகைக்குக் கீழ கால். இந்தக் கால் விஷயம் எனக்குத் தோணியிருக்காது. நடுப் பலகை மேல நாலு தட்டோட பாதி பாரம் இறங்குது, அது அடிப்பலகையோட நட்ட நடுவுல போய் அழுத்தும், ரெண்டு ஓரத்துல மட்டும் கால் இருந்தா அடிப்பலகை தொங்கும், அது தொங்கினா மேல எல்லாமே சாயும். அதனால நடுவுலயும் ஒரு கால் வெச்சாரு. “பாரம் தரைக்குப் போற வழிய மொதல்ல பாக்கணும் ஆச்சி, மேல இருந்து கீழ வரைக்கும் எங்கயும் தொங்கி நிக்கக் கூடாது”ன்னு சொல்லிக்கிட்டே செஞ்சாரு. பழைய மரத்தூள் பெட்டி இப்ப வெறும் உறை, எந்த பாரமும் அது மேல இல்ல.

நடுப் பலகை வந்ததும் 90 சென்டிமீட்டர் 45 ஆச்சு. தடிமனான கண்ணாடி போடறதவிட இது எவ்வளவு பெரிய விஷயம்னு கணக்குல பாருங்க, ஒரு அடிக்கு அதே அளவு சாமான் வெச்சா, நீளம் பாதியானதும் அழுத்தம் கால் பங்கு, தொங்கல் பதினாறுல ஒரு பங்கு. அதே கண்ணாடிதான்!

இங்க ஒரு எச்சரிக்கை இருக்கு. நடுவுல தாங்கல் வெக்கறவங்க நிறைய பேர் 90 சென்டிமீட்டர் கண்ணாடிய அப்படியே முழுசா வெச்சு நடுவுல ஒரு முட்டு குடுப்பாங்க. அந்த முட்டு ஒரு மில்லி ரெண்டு மில்லி உசந்துட்டா போச்சு, கண்ணாடி ஏத்தப்பலகை மாதிரி அது மேல ஆடும், ரெண்டு பக்கமும் பாரம் அழுத்தும்போது முட்டுக்கு நேர் மேல பிளக்கும். அதனால நாங்க ரெண்டு துண்டா வெட்டிட்டோம். ஒவ்வொரு தட்டும் 45-க்கு ரெண்டு துண்டு, 8 எம்எம் டஃபண்ட், நாலு ஓரமும் பாலிஷ். ஒரு துண்டு 2 கிலோ 700.

பின் எதுவும் கிடையாது இப்ப. நாலு பின் மேல தட்டு வெச்சா நாலும் ஒரே மட்டத்துல இருக்கறது அபூர்வம், ஒண்ணு அரை மில்லி தாழ்ந்தாலும் மூணுதான் தாங்கும், மூலையில ஒரு கனமான சாமான் வெச்சா ஒரே பின் மேல பாதிக்கு மேல இறங்கும். அதுக்குப் பதிலா பக்கப் பலகையிலயும் நடுப் பலகையிலயும் பின்பக்கமும் தேக்கு ரீப்பர் (ஒல்லியான மரச் சட்டம்) அடிச்சு, மூணு ஓரமும் ரீப்பர் மேல முழுசா உக்கார்ற மாதிரி செஞ்சாச்சு. ரீப்பர் எல்லாம் ஸ்க்ரூ, பசை மட்டும் நம்பல. கண்ணாடி நேரா மரத்துல இல்ல ஸ்க்ரூ தலையில படாம இருக்க ரப்பர் பட்டை ஒண்ணு ஒட்டினோம். ஒரு மணல் அளவு கடினமான புள்ளி கண்ணாடிக்கு அடியில இருந்தா கூட விரிசல் அங்க இருந்துதான் ஆரம்பிக்கும். ரப்பர் பட்டை நழுவாம இருக்க சிலிகான் வெக்கும்போது, புளிச்ச காடி வாசனை வருமே அந்த சிலிகான் வேண்டாம், அதுல இருந்து வர்ற அமில ஆவி மூடின ஷோகேஸ்க்குள்ள நின்னு பித்தளையயும் செம்பையும் பச்சையாக்கிரும். நியூட்ரல் சிலிகான்னு கேட்டு வாங்குங்க. அதே மாதிரி வெள்ளிச் சாமானுக்கு அடியில கம்பளித் துணி போடாதீக, கம்பளியில கந்தகம் இருக்கு, வெள்ளி கறுத்துப் போகும், வெறும் பருத்தித் துணி போதும்.

எல்லா வீட்டுலயும் நடுப்பலகை வெக்க முடியாது. தேவகோட்டை அயித்தை வீட்டுல ஒரு நீளமான மரக் குதிரை பொம்மை இருக்கு, நடுவுல பலகை வந்தா அது உள்ள போகாது. அங்க முன் ஓரத்துக்கு அடியிலயும் பின் ஓரத்துக்கு அடியிலயும் ஒவ்வொரு எல் ஆங்கிள் குடுத்தோம், 25 எம்எம்முக்கு 25, மூணு எம்எம் கனம், இரும்பு. ஒரு இஞ்ச் அகலத்துல கண்ணுக்கே தெரியாது, முன்பக்கம் கறுப்பு பெயிண்ட் அடிச்சா கோடு மாதிரி இருக்கும். அந்த ஒரு ஆங்கிளோட விறைப்பு ஒரு அடி அகல 10 எம்எம் கண்ணாடித் தட்டுக்குக் கிட்டத்தட்ட சமம். ரெண்டு ஆங்கிள் வெச்சா எவ்வளவுன்னு பார்த்துக்கங்க. ஆங்கிளோட ரெண்டு நுனியும் பக்கப் பலகையில நல்ல மரத்துல உக்காரணும், அது முக்கியம்.

அடித்தட்டுக்கு நான் கண்ணாடிய நம்பவே இல்ல. எடைக்கல், கல்சட்டி, திண்டுக்கல் பூட்டு, பழைய இரும்பு உழக்கு இதெல்லாம் அங்க. கீழ முழுசா தேக்குப் பலகை, மேல பார்வைக்கு ஒரு 6 எம்எம் கண்ணாடி, ஆத்தங்குடி மேஜை மாதிரி. கனமானது கீழ இருக்கறது இன்னொண்ணுக்கும் நல்லது, மேல கனமா வெச்சா கதவத் திறந்து இழுக்கும்போது மொத்த ஷோகேஸும் முன்னால சாயும். பின்னாடி சுவத்தோட ரெண்டு இடத்துல கிளாம்ப் போட்டுப் பிடிச்சிருக்கோம். இது சிமெண்ட் சுவரு, பிரச்சினை இல்ல. பழைய வீட்டுல இருக்கறவங்க அந்த வழவழப்பான சுண்ணாம்புச் சுவத்துல துளை போடறதுக்கு முன்னாடி நூறு தடவ யோசிங்க, அந்தப் பூச்ச திரும்பப் பூசற கை இப்ப ஊர்ல ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கு. முடிஞ்சா மர நிலையோட சேர்த்துக் கட்டுங்க.

எல்லாம் மாட்டினதும் உடனே சாமான ஏத்தல. ஒரு கிலோ கல்லுப்பு பாக்கெட் 25 வாங்கிட்டு வந்தேன், கடைக்காரரு ஏதோ விசேஷமான்னு கேட்டாரு. ஒரு பாதித் தட்டுல 20 பாக்கெட்ட அடுக்கி, கீழ ஒரு பழைய மெத்தைய விரிச்சு, பத்து நாள் அப்படியே விட்டேன். தட்டுக்கு அடியில ஓரத்துல இருந்து ஓரம் நூல இழுத்துக் கட்டி, நடுவுல கண்ணாடி நூல அமுக்குதா, எவ்வளவு அமுக்குதுன்னு தினமும் காலையில காப்பி குடிக்கறதுக்கு முன்னாடி ஸ்கேல் வெச்சுப் பார்த்தேன். அளக்கவே முடியல, நூலோட கனத்துக்குள்ள இருந்துச்சு. 20 கிலோ தாங்கினாலும் ஒரு பாதிக்கு 15 கிலோவுக்கு மேல வெக்கறதில்லன்னு நானா ஒரு எல்லை வெச்சிருக்கேன். 90 சென்டிமீட்டர் தட்டு வெச்சிருக்கறவங்க இன்னிக்கே அந்த நூல் வேலைய மட்டுமாவது பண்ணிப் பாருங்க, நடுவுல 3 மில்லிக்கு மேல தொங்கினா சாமான இறக்கிருங்க, அப்புறம் யோசிக்கலாம். சாதாரணக் கண்ணாடியா டஃபண்டான்னு தெரியலன்னா சாதாரணம்னே வெச்சுக்கங்க.

சாமான ஏத்தின அன்னிக்கு ஆத்தா பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டு எது எங்கன்னு சொன்னாக. மேல் தட்டுல பர்மா அரக்குப் பெட்டி ரெண்டும், கனமே இல்லாத சாமான். எனாமல் கேரியர், தெறிச்ச பக்கம் துரு ஏறாம இருக்க கொஞ்சம் மெழுகு தடவி. நசுங்கின செம்ப தட்டி நிமித்தலாம்னு ஒரு பாத்திரக்காரரு சொன்னாரு, தட்டினா விலாசம் வெட்டின இடத்துல எழுத்து கலைஞ்சிரும்னு விட்டுட்டோம். புளி போட்டுத் தேய்க்கறதையும் குறைச்சுட்டேன், அப்பத்தா காலத்துச் செம்புல ரெண்டாவது எழுத்து ஏற்கனவே தடவினாதான் தெரியுது. வெண்கலப் பானை ரெண்டாவது தட்டுல, ஆனா நடுவுல இல்ல, வலப்பக்கம் நடுப் பலகையோட ஒட்டி. நாற்காலியில இருந்து பார்த்தா தெரியுது. ஜாடி இருந்த இடத்துல இப்போதைக்கு ஒண்ணும் வெக்கல.

ஆசாரி அண்ணன் போகும்போது காதுல இருந்த பென்சில எடுத்து ஒவ்வொரு ரீப்பருக்கும் அடியில, வெளிய தெரியாத இடத்துல, “15 கிலோ”ன்னு எழுதினாரு. பின்னாடி யாராவது வந்து தெரியாம ஏத்திறக்கூடாதுல்ல, உங்க மக காலத்துல பார்க்கணும்ல, அப்படின்னாரு. நான் குனிஞ்சு பார்த்துட்டு ஆத்தாகிட்ட சொன்னேன். “தேதியும் போடச் சொல்லு”ன்னாக. போட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, “விலாசத்தையும் எழுதிரச் சொல்லுத்தா”ன்னாக. அத நான் அவருகிட்ட பென்சில வாங்கி நானே எழுதினேன்.